கார் விபத்து: பில் ரூ.2,24,000, காப்பீட்டு நிறுவனம் ஒப்புக்கொண்டது ரூ.1,01,000. எப்படி ஆட்சேபிப்பது?

அம்பை ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். நான் அம்பாசமுத்திரத்தில் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். நாகர்கோவிலில் உறவினர் வீட்டுத் திருமணத்தை முடித்துக்கொண்டு அம்மாவுடன் காரில் திரும்பியபோது, நாங்குநேரியைக் கடந்து மூன்றடைப்பை நெருங்கும் இடத்தில், நான்குவழிச் சாலையில் விபத்து நேர்ந்தது. மாடுகள் குறுக்கே வந்ததால் முன்னால் சென்ற லாரி சட்டென்று நின்றுவிட்டது. நான் பிரேக்கை அழுத்தி வலப்பக்கம் ஒடித்தேன். ஆனாலும் காரின் இடது முன்பாகம் லாரியின் பின்புறத்தில் மோதியது, வலது முன்சக்கரம் நடுத்தடுப்பின் கல்லில் ஏறி நின்றது. ஓட்டுநர் பக்க ஏர்பேக் விரிந்ததால் எனக்குப் பெரிய காயமில்லை. அம்மாவுக்குத் தோள்பட்டையில் மட்டும் அடி. இப்போது நலமாக இருக்கிறார்கள்.

கார் வாங்கி மூன்றரை ஆண்டுகள் ஆகின்றன. 1200 சிசிக்கு உட்பட்ட பெட்ரோல் கார். காப்பீட்டு மதிப்பு ரூ.4,60,000. திருநெல்வேலியில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட ஒர்க்‌ஷாப்பில் வேலை முடிந்து, வரி உட்பட ரூ.2,24,000க்குப் பில் வந்திருக்கிறது. காப்பீட்டு நிறுவனம் ரூ.1,01,000 மட்டுமே தர இயலும் என்று மின்னஞ்சல் அனுப்பி, அதற்குச் சம்மதித்துக் கையொப்பமிடச் சொல்கிறது. மீதி ரூ.1,23,000ஐ நான் கட்டினால்தான் வண்டியை வெளியே விடுவார்களாம். தாமதித்தால் நிறுத்துமிடக் கட்டணமும் சேரும் என்கிறார்கள். பாலிசி எடுத்துக்கொடுத்த முகவர் "ஃபுல் கவர்" என்றுதான் சொல்லியிருந்தார். ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் பிரீமியம் கட்டியவளுக்குப் பாதிக்கும் குறைவாகத் தருவது எந்த வகையில் நியாயம்? நான் கையொப்பமிடலாமா? மறுத்தால் இந்தத் தொகையும் கிடைக்காமல் போய்விடுமா?

பாளை ஓய்வாளர்:

சகோதரி, முதலில் உங்கள் தாயார் நலமாக இருப்பதறிந்து ஆறுதல் அடைந்தேன். பொதுக் காப்பீட்டுத் துறையில் வாகன இழப்பீட்டுப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

உங்கள் மின்னஞ்சலில் இருப்பது இறுதித் தொகை மட்டுமே. அந்த ஒற்றைத் தொகையை வைத்துக்கொண்டு எவராலும் வாதிட முடியாது. சேதத்தை மதிப்பிட நிறுவனம் நியமிக்கும் சர்வேயரின் அறிக்கை நகலை எழுத்து மூலம் உடனே கேளுங்கள். கேட்டுப் பெறும் உரிமை பாலிசிதாரருக்கு உண்டு. அதில் பில்லின் ஒவ்வொரு வரிக்கும் எதிராக எவ்வளவு ஒப்புக்கொள்ளப்பட்டது, எவ்வளவு கழிக்கப்பட்டது, ஏன் என்பது இருக்கும். அந்த வரிகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பாலிசியின் விதியே கழிக்கும் தொகை ஒரு பக்கம். சர்வேயர் தம் கணிப்பால் கழித்த தொகை மறுபக்கம். முதல் பக்கத்தைக் குறித்து எவ்வளவு மனம் வருந்தி எழுதினாலும் ஒரு ரூபாய்கூட வராது. இரண்டாவது பக்கத்தில்தான் உங்களுக்குரிய பணம் இருக்கிறது. பெரும்பாலான ஆட்சேபக் கடிதங்கள் இந்த இரண்டையும் கலந்து எழுதப்படுவதாலேயே தோற்றுப்போவதை என் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன்.

"ஃபுல் கவர்" என்பது பேச்சு வழக்கில் விரிவான பாலிசியைக் குறிக்கும். தேய்மானம், அதாவது பாகங்கள் பழையதானதற்கான கழிவு, பிடிக்கமாட்டார்கள் என்று அதற்குப் பொருளில்லை. தேய்மானம் கழிக்காமல் தருவது "ஜீரோ டெப்", மக்கள் வழக்கில் "பம்பர் டு பம்பர்", என்ற கூடுதல் பாதுகாப்பு. அதற்குத் தனிப் பிரீமியம் உண்டு. உங்கள் பாலிசி அட்டவணையில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கதையே வேறு. இல்லையென்றால் பிளாஸ்டிக், நைலான், ரப்பர் பாகங்கள், டயர், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றில் 50 சதவீதம் கழிக்கப்படும். ஃபைபர் கிளாஸ் பாகங்களுக்கு 30 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவே இல்லை. உலோகப் பாகங்களின் கழிவு வண்டியின் வயதைப் பொறுத்தது: இரண்டு முதல் மூன்று ஆண்டு வரை 15 சதவீதம், மூன்று முதல் நான்கு வரை 25 சதவீதம், நான்கு முதல் ஐந்து வரை 35 சதவீதம். உங்கள் வண்டிக்கு 25 சதவீதம் வரும். பெயிண்டிங்கில் பொருளின் விலையில் மட்டும் பாதி போகும். மொத்தமாகப் பில் போட்டிருந்தால் அதில் கால் பங்கையே பொருளின் விலையாகக் கொள்ள வேண்டும். 1500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு, அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, ரூ.1,000. அறிக்கை கிடைத்ததும் வரி வரியாக இங்கே எழுதுங்கள்.

அதுவரை சம்மதக் கடிதத்தில் வெறுமனே கையொப்பமிட வேண்டாம்.

அம்பை ஆசிரியை:

மிக்க நன்றி, அண்ணாச்சி. நகல் கேட்டு எழுதினேன், அனுப்பிவிட்டார்கள். அட்டவணையில் ஜீரோ டெப் வரி இல்லை. அறிக்கையில் உள்ளது பின்வருமாறு.

முன் பம்பர், கிரில், இரண்டு ஹெட்லைட், உட்புறப் பிளாஸ்டிக் தடுப்புகள் ஆகியவை ரூ.46,000, ஒப்புக்கொண்டது ரூ.23,000. ஏர்பேக்கும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் ரூ.42,000, ஒப்புக்கொண்டது ரூ.21,000. முன் கண்ணாடி ரூ.9,000 முழுமையாக ஒப்புக்கொள்ளப்பட்டது. முன் குறுக்குச் சட்டமும் வலது சக்கர ரிம்மும் ரூ.11,000, அதில் ரூ.8,250. பானட்டும் இடது ஃபெண்டரும் ரூ.27,000, "மாற்றத் தேவையில்லை, சரிசெய்யலாம்" என்று குறித்து, டிங்கரிங் கூலியாக ரூ.4,500 மட்டும். ரேடியேட்டர் ரூ.15,000, ஏசி கண்டென்சர் ரூ.13,000, விசிறி ரூ.6,000, மூன்றையும் சேர்த்து 50 சதவீதம் கழித்து ரூ.17,000. ஸ்டீயரிங் ராக் (சக்கரங்களைத் திருப்பும் பாகம்), வலது லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை), ஷாக் அப்சார்பர் ஆகியவை கூலி ரூ.6,000 உட்பட ரூ.31,000, "பழைய தேய்மானம், மோதல் இடப்பக்கம், விபத்துடன் தொடர்பில்லை" என்று முழுவதும் மறுக்கப்பட்டுள்ளது. பெயிண்டிங், இதர கூலி ரூ.24,000, அதில் ரூ.22,000. ஆகக் கூட்டினால் ரூ.1,04,750. அதில் கட்டாயக் கழிவு ரூ.1,000, பழைய பாகங்களை விற்றால் கிடைக்கும் சால்வேஜ் மதிப்பு ரூ.2,750 கழித்து ரூ.1,01,000.

பானட்டைத் தட்டி நிமிர்த்த முடியாது என்று ஒர்க்‌ஷாப்பில் உறுதியாகச் சொன்னதால் மாற்றச் சம்மதித்தேன். ஒருவேளை நான் சம்மதித்ததே எனக்கு எதிராகிவிடுமா?

பேட்டைப் பட்டறை:

வணக்கம் டீச்சர். பேட்டையில் டிங்கரிங் பட்டறை நடத்துகிறேன். பாளை அண்ணாச்சி சொன்ன இரண்டாவது பக்கத்தைப் பற்றி, தொழில் தெரிந்தவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன்.

பானட் என்பது ஒற்றைத் தகடு அல்ல. மேல்தகட்டுக்கு அடியில் விலா எலும்பு மாதிரி ஒரு சட்டம் ஸ்பாட் வெல்டிங்கில் பிடித்திருக்கும். மேல்தகடு நசுங்கினால் தட்டி எடுத்துவிடலாம். நானே தினமும் செய்கிற வேலை. ஆனால் உள்சட்டம் மடிந்து, வெல்டிங் புள்ளிகள் விட்டு, கீல் பக்கம் வளைந்திருந்தால், எத்தனை முறை தட்டினாலும் பூட்டு சரியாக விழாது. நாற்கரச் சாலையில் வேகமாகப் போகும்போது பானட் திறந்துகொண்டு கண்ணாடியில் அடித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். எனவே உங்கள் பழைய பானட் எங்கே இருக்கிறது என்பதுதான் இப்போது முக்கியம். இன்றே ஒர்க்‌ஷாப்புக்குப் போய், அதைப் பழைய இரும்பு வாங்கும் ஆக்கர்காரரிடம் போட்டுவிடாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கவிழ்த்துப் போட்டு, உள்சட்டம் மடிந்த இடத்தையும், கீல் மாட்டும் இடத்தையும், பூட்டு இருக்கும் இடத்தையும் நெருக்கமாகப் படம் எடுங்கள். "சரிசெய்ய இயலாது, காரணம் இது" என்று ஒர்க்‌ஷாப் மேலாளரிடம் முத்திரையுடன் கடிதம் வாங்குங்கள். நீங்கள் மாற்றச் சம்மதித்தது எதிராகாது. மாற்றத்தான் வேண்டியிருந்தது என்று காட்டினால் போதும். ஃபெண்டரைப் பொறுத்தவரை, பார்க்காமல் நான் உறுதி சொல்லமாட்டேன். சிலவற்றைத் தட்டி எடுக்கலாம் என்பதும் உண்மைதான்.

ரேடியேட்டர் வகையில் நடந்திருப்பது தவறு. கண்டென்சர் முழுக்க அலுமினியம். ரேடியேட்டரின் நடுப்பாகமும் அலுமினியம்; இரு ஓரத் தொட்டிகள்தான் பிளாஸ்டிக். பெரும்பாலும் பிளாஸ்டிக் என்றால் விசிறி மட்டுமே. மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் கணக்கில் போட்டது சரியல்ல.

ஸ்டீயரிங் ராக் பற்றி ஒரு கேள்வி. சர்வேயர் வலது ரிம்மை ஒப்புக்கொண்டிருக்கிறார் அல்லவா? மோதல் இடப்பக்கம் என்றால் வலது ரிம் எப்படி நெளிந்தது? தடுப்புக் கல்லில் அடித்த வேகம் ரிம்மோடு நிற்பதில்லை. லோயர் ஆர்ம் வழியாக ராக் வரைக்கும் போகும். விபத்து நடந்த இடத்தில் எடுத்த படம் ஏதேனும் இருக்கிறதா? விபத்துக்கு முன்பு வீல் அலைன்மென்ட் பார்த்த ரசீது இருந்தால் அதையும் தேடுங்கள்.

அம்பை ஆசிரியை:

அண்ணாச்சி, நல்ல வேளையாக என் தம்பி அங்கே வந்து எடுத்த படங்கள் இருக்கின்றன. வலது சக்கரம் தடுப்புக் கல்லின் மேல் இருக்கிறது. நடுத்தடுப்பில் வளர்க்கும் அரளிச் செடியின் கிளையொன்று பூவோடு சக்கரத்துக்கும் உட்தடுப்புக்கும் இடையில் சிக்கியிருப்பது ஒரு படத்தில் தெளிவாகத் தெரிகிறது. "லாரியில் மோதி நடுத்தடுப்பில் ஏறியது" என்றுதான் கிளெய்ம் படிவத்திலும் எழுதியிருக்கிறேன். தீபாவளிக்கு முன்பு சர்வீஸ் விட்டபோது அலைன்மென்ட் சரியாக இருந்ததற்கான அச்சுத் தாளும் கிடைத்துவிட்டது. பழைய பானட் ஒர்க்‌ஷாப்பின் பின்புறத்தில் இருக்கிறது. எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். ஃபெண்டரும் அங்கேயே கிடக்கிறது. சக்கர வளைவின் விளிம்பு கிழிந்திருக்கிறது.

பாளை ஓய்வாளர்:

அந்த அரளிக் கிளைப் படம் உங்கள் வழக்கில் பாதி பலம், சகோதரி. அதைக் கைப்பேசியில் மட்டும் வைத்திருக்காமல், தேதியும் நேரமும் தெரியும் மூலக் கோப்பாகவே வேறோர் இடத்திலும் சேமித்து வையுங்கள்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். பம்பர் வகையில் போன ரூ.23,000, ஏர்பேக்கில் போன ரூ.21,000, பெயிண்டிங்கில் ரூ.2,000, கட்டாயக் கழிவு ரூ.1,000 ஆகியவை பாலிசியின் விதி. அவற்றை விட்டுவிடுங்கள். பானட்டும் ஃபெண்டரும் மாற்றத் தக்கவை என்றால் ரூ.27,000க்கு 25 சதவீதம் போக ரூ.20,250 வர வேண்டும், தந்தது ரூ.4,500, வித்தியாசம் ரூ.15,750. ரேடியேட்டரையும் கண்டென்சரையும் உலோகமாகக் கொண்டால் ரூ.21,000, விசிறிக்கு ரூ.3,000, ஆக ரூ.24,000, தந்தது ரூ.17,000, வித்தியாசம் ரூ.7,000. ரேடியேட்டரின் ஓரத் தொட்டிகளைப் பிளாஸ்டிக்காகக் கணக்கிட்டால் இது சற்றுக் குறையலாம். ஸ்டீயரிங் வகையில் பாகங்கள் ரூ.25,000க்கு 25 சதவீதம் போக ரூ.18,750, கூலி ரூ.6,000, ஆக ரூ.24,750, ரப்பர் புஷ்களுக்குச் சிறிது குறையக்கூடும். வண்டியை இழுத்து வந்த ரெக்கவரி வேன் ரசீதைக் கொடுத்தீர்களா? தனியார் காருக்கு ரூ.1,500 வரை இழுவைச் செலவு சாதாரணப் பாலிசியிலேயே உண்டு; அறிக்கையில் அதைக் காணவில்லை. எல்லாவற்றையும் கூட்டினால் ரூ.49,000. பானட்டை மாற்றியதாக ஒப்புக்கொண்டால் பழைய பாகங்களுக்கான சால்வேஜ் கழிவு சிறிது கூடும்; அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

மீதமுள்ள எழுபத்தைந்தாயிரம் ரூபாய் அளவு உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டியிருக்கும். இதைச் சொல்ல எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. முகவர் "ஃபுல் கவர்" என்று சொன்னதை எழுத்தில் தந்திருந்தால் அது தனி விவகாரம். வாய்மொழியை வைத்து இந்தத் தொகையைப் பெற முடியும் என்று நான் உங்களுக்கு நம்பிக்கை தரமாட்டேன். நியாயமான ரூ.49,000ஐ மட்டும் ஆதாரத்துடன் கேட்கும்போது, படிக்கும் அதிகாரிக்கு மறுப்பது கடினமாகிவிடும்.

வண்டியை எடுக்க வேண்டியிருப்பதால் ஒர்க்‌ஷாப்புக்குரிய மீதியைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு எடுத்துவிடுங்கள். சம்மதக் கடிதத்தில் "முழுமையான இறுதித் தீர்வாக ஏற்கிறேன்" என்ற வாசகம் இருக்கும். அதை அடித்துவிட்டு, "தொகை குறித்த என் ஆட்சேபணைக்கு உட்பட்டு, பகுதித் தொகையாகப் பெற்றுக்கொள்கிறேன்" என்று கையால் எழுதிக் கையொப்பமிட்டு, நகல் வைத்துக்கொள்ளுங்கள். அதே வாசகத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். நிர்ப்பந்தத்தாலோ மோசடியாலோ பெறப்பட்ட டிஸ்சார்ஜ் வவுச்சர், அதாவது இத்தகைய தீர்வுக் கடிதம், பாலிசிதாரரின் உரிமையைத் தடுக்காது என்று 1999ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் நிர்ப்பந்தத்தை நிரூபிக்கும் சுமை உங்கள் மேல் விழும். அந்தச் சிரமம் எதற்கு? முதலிலேயே ஆட்சேபணையைப் பதிவு செய்வது எளிது.

வண்ணார்பேட்டை வாசி:

பெரியவர்கள் சொன்னதற்குப் பிறகு, நிறுவனம் இணங்காவிட்டால் எங்கே போவது என்பதை மட்டும் சேர்க்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி பெருக்கெடுத்தபோது எங்கள் தெருவில் நின்ற என் கார் மூழ்கியது. நான் ஸ்டார்ட் செய்யவே இல்லை. கட்டி இழுத்துத்தான் கொண்டுபோனோம். இருந்தும், தண்ணீருக்குள் இன்ஜினை இயக்கியதால்தான் பழுதானது என்று எழுதி இன்ஜின் செலவை முழுவதும் மறுத்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். கிளைக்கோ முகவருக்கோ எழுதியது கணக்கில் வராது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மின்னஞ்சல் முகவரி பாலிசியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதே புகாரைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் "பீமா பரோசா" இணையதளத்தில் பதிவு செய்தால் ஓர் எண் கிடைக்கும்; 155255 என்ற எண்ணில் பேசியும் பதியலாம். அங்கே தீர்ப்பு சொல்லமாட்டார்கள். நிறுவனம் பதில் சொல்லாமல் இழுத்தடிக்க முடியாமல் போகும், அவ்வளவுதான்.

பதில் திருப்தி இல்லையென்றாலோ, ஒரு மாதமாகியும் பதிலே வரவில்லையென்றாலோ, காப்பீட்டுப் புகார்களை விசாரித்து உத்தரவிடும் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னை அண்ணா சாலையில் இருக்கிறது. இணையம் வழியாகவே புகார் அளிக்கலாம். விசாரணையைக் காணொலியிலும் நடத்துகிறார்கள். என் விசாரணைக்கு நான் வண்ணார்பேட்டை வீட்டிலிருந்துதான் பேசினேன். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கிடையாது. நாமேதான் பேச வேண்டும். நிறுவனத்தின் மறுப்பு வந்த ஓராண்டுக்குள் போய்விட வேண்டும். அவர் பிறப்பிக்கும் உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்; நமக்குப் போதவில்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழி அடைபடாது. இழுவை வேன் ரசீதும், ஓட்டுநரின் கடிதமும், இன்ஜினைப் பிரித்தபோது எடுத்த படங்களும் இருந்ததால், மறுக்கப்பட்டதில் பெரும்பகுதி எனக்குக் கிடைத்தது.

நேராகத் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதும் உங்கள் உரிமை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வசிக்கும் ஊருக்குரிய ஆணையத்திலேயே புகார் அளிக்கலாம். பிரீமியமாகச் செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டு கால அவகாசம் உண்டு. மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் சேர்த்துக் கேட்கலாம். ஆனால் ஒரே புகாரை இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் நடத்த முடியாது. ஆணையத்தில் வழக்கு இருந்தால் ஓம்பட்ஸ்மேன் ஏற்கமாட்டார்.

பாளை ஓய்வாளர்:

தம்பி சொன்ன வரிசையே சரி. ரூ.49,000 போன்ற தொகைக்கு முதலில் ஓம்பட்ஸ்மேன் என்பதே என் கருத்தும். சேவைக் குறைபாட்டுக்கும் இழப்பீடு வேண்டும் என்று சகோதரி உறுதியாக இருந்தால் மட்டும் ஆணையத்தை முதலில் நாடலாம்.

அதிகாரிகள் உங்களிடம், "சர்வேயர் எழுதிவிட்டார், இனி எங்கள் கையில் ஒன்றும் இல்லை" என்று சொல்வார்கள். அதை ஏற்க வேண்டாம். சர்வேயரின் அறிக்கை முக்கிய ஆவணமே தவிர, மாற்ற முடியாத இறுதிச் சொல் அல்ல என்று பிரதீப் குமார் வழக்கில் 2009ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதே சமயம், போதிய காரணம் இல்லாமல் அந்த அறிக்கையை ஒதுக்கவும் முடியாது. அந்தக் காரணத்தை நாம்தான் கொடுக்க வேண்டும்.

கடிதம் இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். பாலிசி எண், கிளெய்ம் எண், விபத்து நடந்த விதம் மூன்று வரி. பிறகு நான்கு ஆட்சேபணைகள், ஒவ்வொன்றுக்கும் அறிக்கையின் எந்த வரி, உங்கள் ஆதாரம் எது, வர வேண்டிய தொகை எவ்வளவு. ஸ்டீயரிங் வகையை முதலில் வையுங்கள். வலது ரிம்மை ஒப்புக்கொண்ட அதே கையெழுத்து வலது லோயர் ஆர்மை மறுத்திருப்பதை அவர்கள் அறிக்கையைக் கொண்டே காட்ட முடியும். அடுத்து பானட், ஃபெண்டர்; பிறகு ரேடியேட்டர்; கடைசியில் இழுவைச் செலவு. முகவரைப் பற்றியும், பிரீமியம் கட்டிய ஆண்டுகளைப் பற்றியும் கடிதத்தில் எழுத வேண்டாம். பழைய பாகங்கள் ஒர்க்‌ஷாப்பில் இருக்கின்றன, மறு ஆய்வுக்கு எந்த நாளிலும் வரலாம் என்று முடியுங்கள். மின்னஞ்சலிலும், சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள்.

அம்பை ஆசிரியை:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ரெக்கவரி வேன் ரசீது தம்பியிடம் இருக்கிறது. நாங்கள் அதைக் கொடுக்கவே இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. நாளை ஒர்க்‌ஷாப்பில் பானட்டையும் ஃபெண்டரையும் படமெடுத்து மேலாளரின் கடிதத்தையும் வாங்கிய பிறகு, கடிதத்தின் வரைவை இங்கே பதிகிறேன். அனுப்புவதற்கு முன் பாளை அண்ணாச்சி ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும்.

பேட்டைப் பட்டறை:

டீச்சர், பானட்டைப் படமெடுக்கும்போது கீல் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுங்கள்; வளைவு எவ்வளவு என்பது படத்திலேயே தெரியும். மேலாளர் கடிதம் தரத் தயங்கினால் சொல்லுங்கள், நான் நேரில் வந்து பழைய பாகங்களைப் பார்த்து என் பட்டறையின் தாளில் எழுதித் தருகிறேன்.